படத்தில் நாய்தான் இருக்கிறது, அதிகாரம் எங்கே?

பினாங்கு மாநிலப் பிறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நகர மன்றம், நாடாளுமன்றம் மாதிரி பெரிய பொதுக் கட்டடங்களோட உள்பக்கத்தை வரைஞ்ச ஓவியங்கள்ல அதிகாரம் எப்படிக் குறியீடா வருதுன்னு ஆறாம் படிவத்துக்கு எழுதணும். பீட்டர் டி ஹோக் வரைஞ்ச ஆம்ஸ்டர்டாம் நகர மன்றப் படத்தை எடுத்தேன். அதுல ராஜா இல்ல, சிம்மாசனம் இல்ல, யாரோ சுத்திப் பாக்க வந்த மாதிரி நிக்கிறாங்க, நாய் வேற. இதுல அதிகாரம் எங்கே இருக்கு?"

படத்தை மாற்ற வேண்டாம் தம்பி, நல்ல படத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். நான் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. பினாங்கில் இருபது வருஷத்துக்கு மேல் பிரேம் கடை வைத்திருந்தவன், அவ்வளவுதான். ஆனால் படத்தைச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டுகிறவனுக்குச் சில விஷயங்கள் மற்றவர்களுக்கு முன்னால் கண்ணில் படும், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அலுவலகங்களுக்குப் படம் மாட்டப் போவேன். பேரரசர் தம்பதியர், பினாங்கு என்பதால் ஆளுநர் தம்பதியர், அப்புறம் பிரதமர். அங்கே இருக்கும் கிராணி என்னிடம் படம் நன்றாக வந்திருக்கிறதா, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றெல்லாம் முதலில் கேட்கமாட்டார். "எவ்வளவு உயரத்தில்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் ஏணியில் நின்று நாடாவைப் பிடித்தால் கீழே நான்கு பேர் அண்ணாந்து நிற்பார்கள், இது அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, அது ஏறியிருக்கிறது என்று. ஓர் இடத்தில் பேரரசர் படத்துக்கு மேலே பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று பல வருஷமாகத் தொங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நான் புதுப் படத்தை மாட்டிய அன்றுதான் ஒருவருக்குத் திடீரென்று உறைத்தது, உடனே அதைக் கழற்றச் சொன்னார். ஒன்பது மாநில ஆட்சியாளர்களும் ஐந்து வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பேரரசர் ஆவது நம் நாட்டு வழக்கம். அதனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு வேலை வரும், பழைய படம் இறங்கும், அதே ஆணியில் புதுப் படம் ஏறும். எனக்கு அந்த ஆணிதான் முக்கியமாகத் தெரியும். அதற்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது, எதிரே மேசை போட்டால் இப்படித்தான் போட வேண்டும், வருகிறவர் இந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று அறை முழுவதும் அந்த ஆணியைச் சுற்றித்தான் அமைந்திருக்கும்.

உங்கள் படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ராஜாவைத் தேடாதீர்கள். யார் எங்கே நிற்கலாம், எதை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது, எது அவர்கள் காலடியில் கிடக்கிறது, இதைத் தேடுங்கள்.

டச்சு ஓவியர் டி ஹோக் இதை 1663-65 வாக்கில் வரைந்தார், இப்போது மாட்ரிட்டில் திஸ்ஸன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கொத்தனார் மகன் என்பதை மறக்காதீர்கள், தரையை அவர் வரைவதில் ஓர் அக்கறை இருக்கும், பின்னால் போகப் போகக் கட்டங்கள் சுருங்குவது பிசகாது. படத்தில் இருப்பது ஆம்ஸ்டர்டாமை ஆண்ட நான்கு மேயர்கள் கூடும் அறை. ஆனால் நான்கு பேரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. நன்றாக உடுத்திய ஆண்களும் பெண்களும் வந்திருக்கிறார்கள், வேடிக்கை பார்க்கிறார்கள், நாய் தன்பாட்டுக்கு இருக்கிறது. ஆட்களைவிட அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் வெறும் இடம்தான் படத்தில் அதிகம். நம் வீட்டில் எட்டடி, ஒன்பதடி உயரத்தில் கூரை வைத்தாலே தாராளம் என்கிறோம். யாருக்கும் பயன்படாத உயரத்தை ஓர் ஊர் காசு கொடுத்துக் கட்டியிருக்கிறது என்றால் அதுவே ஒரு பேச்சு. ராஜா இல்லாத வணிகர்களின் ஊர் அது, தங்கத்தில் சிம்மாசனம் செய்து வைத்தால் கேலியாகிவிடும். அதனால் உயரம், வெளிச்சம், பளிங்கு.

அந்த அறையின் கணப்படுப்புக்கு மேலே ஒரு பெரிய ஓவியம் பாதி தெரியும், கவனித்தீர்களா? அது பெர்டினாண்ட் போல் என்ற ஓவியர் 1656-ல் வரைந்தது, அந்த அறைக்கென்றே. கதை இதுதான். ரோமிலிருந்து பப்ரிசியுஸ் என்று ஒரு தூதர் பிர்ரஸ் என்ற கிரேக்க அரசனிடம் வருகிறார். அரசன் முதலில் பொன் கொடுத்துப் பார்க்கிறான், அவர் வாங்கவில்லை. மறுநாள் திரைக்குப் பின்னால் யானையை நிறுத்தி, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையை விலக்கிப் பிளிறவிட்டுப் பயமுறுத்துகிறான். தூதர் அசையவில்லை. (யானையைக் காட்டி நம்மைப் பயமுறுத்த முடியுமா என்று முதல்முறை படித்தபோது சிரிப்பு வந்தது. நாம் அதன் கையில் வாழைப்பழம் கொடுத்திருப்போம்.) இப்போது டி ஹோக் படத்தின் மேல்பகுதியைப் பாருங்கள், பெரிய சிவப்புத் திரை ஒன்று ஒதுங்கித் தொங்குகிறது. அந்தக் காலத்து டச்சு ஓவியர்கள் பலரும் இப்படித் திரை வரைவார்கள், அது ஒரு வித்தை, ஓவியத்தின் முன்னால் நிஜத் திரை தொங்குகிற மாதிரி ஏமாற்றுவது. ஆனால் உள்ளே இருக்கும் கதையிலும் திரை விலகித்தான் யானை வருகிறது என்பதால், இந்தத் திரையை அவர் சும்மா வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. யாரோ விலக்கி நமக்கு அறையைக் காட்டுகிறார்கள். காட்டுகிறவர் கையில்தான் கயிறு.

யானை ஓவியம் யாருக்காக மாட்டப்பட்டது என்றும் கேளுங்கள். வருகிறவர்களுக்கு அது "இங்கே லஞ்சம் செல்லாது, மிரட்டல் செல்லாது" என்கிற அறிவிப்பு. உட்கார்ந்திருக்கும் மேயர்களுக்கு அது தினமும் கண்ணில் படும் எச்சரிக்கை. இது நமக்குப் புதிதில்லை. உத்திரமேரூரில் ஊர்ச் சபை கூடிய மண்டபச் சுவரிலேயே பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், சபைக்கு வர யாருக்குத் தகுதி உண்டு என்று வெட்டி வைத்தார்கள். 35 வயதுக்கு மேல், 70-க்குள், சொந்த நிலம், சொந்த வீடு வேண்டும். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடம் கிடையாது, அவன் உறவுக்காரர்களுக்கும் கிடையாது. குடவோலை என்று நாம் பெருமையாகப் பேசுவது அதைத்தான். அது பிராமணர் ஊர்ச் சபை, நிலம் இல்லாதவர்களும் பெண்களும் அந்தச் சுவரை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பார்கள், அதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஓவியத்தால் சொன்னதை உத்திரமேரூர் எழுத்தால் சொன்னது.

ஆம்ஸ்டர்டாம் நகர மன்றக் கட்டடத்துக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன், மகள் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது. யாகோப் வான் கம்பன் வடிவமைத்தது, 1648-ல் தொடங்கி, வேலை முழுதும் முடிவதற்கு முன்பே 1655-ல் திறந்தார்கள். சதுப்பு மண் என்பதால் அடியில் 13,659 மரக் கழிகளை இறக்கி அதன்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 1808-ல் நெப்போலியனின் தம்பி லூயி அதை அரண்மனை ஆக்கிக்கொண்டார், இப்போதும் அரண்மனைதான். நடுக்கூடத்தின் பளிங்குத் தரையில் உலக வரைபடமும் வானத்து நட்சத்திர வரைபடமும் பதித்திருக்கிறார்கள், மக்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். நாம் கோயில் வாசற்படியைக்கூட மிதிக்காமல் தாண்டுகிறவர்கள். அங்கே உலகத்தையே மிதிக்கக் கொடுத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது 1641-ல், அதாவது இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் போடுவதற்கு ஏழு வருஷம் முன்னால்தான். நம் பக்கத்துக் கடல் எங்கே என்று குனிந்து தேடினேன். மகள் "அப்பா, வழியை மறைக்காதீங்க" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கதவு. திவாலானவர்களின் சொத்தைக் கையாளும் அறைக்குப் போகும் கதவு அது. அதற்கு மேலே கிரேக்கக் கதையில் இறக்கை உருகிக் கீழே விழும் இகாரஸ், அவனைச் சுற்றித் தோரணம், அந்தத் தோரணத்தில் பூவுக்கும் பழத்துக்கும் பதில் காலிப் பெட்டியும் கட்டாத பில்களும், அதைக் கடிக்கும் எலிகளும். கடன்பட்டு வருகிறவன் உள்ளே போய் வாயைத் திறக்கும் முன்பே கதவு அவனை ஏசிவிடுகிறது. மரண தண்டனை சொல்லும் அறையில் இன்னொரு சிற்பம்: சலேயுகஸ் என்ற சட்டம் செய்தவன், குற்றம் செய்த தன் மகனுக்கு இரண்டு கண்ணும் போக வேண்டும் என்றபோது, மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று கொடுத்தவன். பார்த்ததும் மனுநீதிச் சோழன் ஞாபகம்தான் வந்தது. சொந்தப் பிள்ளைக்கே சட்டம் வளையாது என்று சொல்லும் கதையை நீதிபதியின் பக்கத்தில் வைப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லை போலிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும், அதைத் தெளிவாக்கிவிடுங்கள். அறைக்குள் இருக்கும் ஓவியம் வேறு, அறையைக் காட்டும் ஓவியம் வேறு. பெர்டினாண்ட் போலின் யானை ஓவியம் முதல் வகை, டி ஹோக் வரைந்தது இரண்டாவது. முதல் வகைக்கு ஒரே உதாரணம் போதும் என்றால் இத்தாலியில் உள்ள சியன்னாவுக்குப் போங்கள். அங்கே நகர மன்றத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒன்பது பேர் கூடிய அறையில், அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338-39-ல் நல்லாட்சி, கெட்ட ஆட்சி என்று சுவர் சுவராக வரைந்தார். குறளில் செங்கோன்மை 55-ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56-ஆம் அதிகாரம், அடுத்தடுத்து வரும் அல்லவா, அது அப்படியே எதிரெதிர்ச் சுவரில் ஏறினால் எப்படி இருக்கும், அப்படி. நீதியின் தராசிலிருந்து இரண்டு கயிறு இறங்கி, கீழே ஒற்றுமை என்ற பெண்ணின் கையில் ஒரே கயிறாக முறுக்கப்பட்டு, 24 குடிமக்கள் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆட்சியைக் குறிக்கும் பெரிய உருவத்தின் கைக்குப் போகிறது. ஒற்றுமை மடியில் ஒரு தச்சு இழைப்புளி. மேடு பள்ளம் இல்லாமல் இழைக்கத்தான். அந்த 24 பேரும் ஏறக்குறைய ஒரே உயரம்! எதிர்ப்பக்கம் கொம்பும் கோரைப் பல்லும் வைத்த கொடுங்கோலன், அவன் காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறாள். இந்தப் பக்கம் மக்கள் விரும்பிப் பிடித்த கயிறு, அந்தப் பக்கம் கட்டிப் போட்ட கயிறு. செங்கோலைவிடக் கயிறு எனக்குப் புரிகிறது, படம் மாட்டுகிறவன் என்பதால் இருக்கலாம்.

இரண்டாவது வகையில், டி ஹோக்குக்கு ஜோடியாக வைத்து எழுத ஒரு படம் சொல்கிறேன், சாமுவேல் மோர்ஸ் 1822-23-ல் வரைந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. தந்தி மோர்ஸ்தான், அதற்கு முன் அவர் ஓவியர். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், மூன்று மீட்டருக்கு மேல் அகலம், எண்பதுக்கு மேற்பட்ட ஆட்களை உட்கார வைத்து வரைந்தார். இவ்வளவு பாடுபட்டவர் யாராவது கையை உயர்த்திச் சொற்பொழிவாற்றும் நேரத்தைத்தானே தேர்ந்தெடுப்பார்? இல்லை. மாலைக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை, பெரிய சரவிளக்கைக் கீழே இறக்கி ஒருவர் ஏணியில் நின்று ஏற்றிக்கொண்டிருக்கிறார். படத்தின் நடுவே இருப்பது விளக்கு ஏற்றுகிறவர். சட்டம் செய்கிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி அரை இருட்டில், சின்னச் சின்னதாக. மேலே மாடத்தில் பார்வையாளர்களோடு பாவ்னி பழங்குடித் தலைவர் பெட்டலஷாரோ நிற்கிறார். அவருடைய நிலத்தைப் பற்றிய முடிவெல்லாம் கீழே எடுக்கிறார்கள், அவருக்குப் பார்க்கும் இடம் கிடைத்திருக்கிறது, பேசும் இடம் இல்லை. மோர்ஸ் இதைக் குறை சொல்லி வரைந்தாரா என்பது வேறு விவாதம், ஆனால் மாடத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள அந்த உயரத்தை அளந்து எழுதினாலே உங்களுக்கு ஒரு பக்கம் வந்துவிடும். காசு வாங்கிக் காட்டிய படம், ஊர் ஊராகப் போனது, நஷ்டம். விளக்கு ஏற்றுவதைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை.

இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் ஹேட்டர் வேறு வழியில் போனார். 1833-ல், வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கூடிய முதல் நாடாளுமன்றத்தை வரைய இறங்கி, சுமார் 375 முகங்களை எழுதி முடிக்கப் பத்து வருஷம் ஆனது. அதற்குள் 1834-ல் அந்த மன்றமே எரிந்துபோனது. படத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லலாம், ஆனால் பார்த்து முடித்த பின் எந்த முகமும் மனத்தில் நிற்காது, பச்சை இருக்கைகள்தான் நிற்கும். தெரு ஓவியர் பேங்க்சி 2009-ல், எரிந்ததற்குப் பிறகு கட்டிய மன்றத்தில் குரங்குகளை உட்கார வைத்தாரே, 2019-ல் கிட்டத்தட்ட ஒரு கோடி பவுனுக்கு ஏலம் போனது, அதிலும் அறையை அவர் பெரிதாக மாற்றவில்லை. இருக்கை அப்படியே இருக்கிறது, அதனால்தான் குரங்குகள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

பொய்யும் ஒரு குறியீடு, அதையும் விடாதீர்கள். 1765-ல் அலகாபாத்தில் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளத்தில் வரி வாங்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவிடம் கொடுத்தார். நடந்தது கிளைவின் கூடாரத்தில். சாப்பாட்டு மேசைமேல் துணியை விரித்து, அதன்மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்து, அதுதான் சிம்மாசனம். ஐம்பது வருஷம் கழித்து, இந்தியாவைக் கண்ணாலேயே பார்க்காத பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த படத்தில் மேசையும் இல்லை, கூடாரமும் இல்லை. உயர்ந்த விதானம், கம்பீரமான அரசவை, யானை, எல்லாம் உண்டு. ஏன் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவரிடம் ஒரு நாட்டின் வருமானத்தை வாங்கினால் அது பிடுங்கியது மாதிரி தெரியும். சிம்மாசனத்தில் இருப்பவர் கையால் வாங்கினால்தான் பெற்றது மாதிரி தெரியும். தோற்றவரை உயரத்தில் வைத்தால்தான் ஜெயித்தவருக்குக் கௌரவம். அந்தப் படம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதே கம்பெனி அலுவலகத்தில், வருவாய்க் குழு கூடும் அறையின் கூரையில், ஸ்பிரிடியோன் ரோமா 1778-ல் வரைந்த இன்னொரு படம் ஏற்கெனவே இருந்தது: பாறைமேல் பிரிட்டானியா உட்கார்ந்திருக்கிறாள், கீழேயிருந்து இந்தியா முத்தும் நகையும் நீட்டுகிறாள், சீனா தேயிலைப் பெட்டியும் பீங்கானும் கொண்டுவருகிறாள். எட்டு வருஷம் கழித்து, 1786-ல், பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார். நம் தீவின் வரவு செலவைப் பார்த்தவர்கள் தலைக்கு மேலே இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறார்கள். பாடாங் கோத்தா பக்கம் 1903-ல் கட்டிய சிட்டி ஹாலின் வெள்ளைத் தூண்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வரும்.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சேர்த்தால் ஆசிரியருக்குப் பிடிக்கும் என்றால், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தை எழுதுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகளின் கொலு மண்டபச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள். ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதியின் கையில் செங்கோலைத் தருகிறாள், இன்னோர் இடத்தில் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் வந்து சேதுபதி முன்னால் நிற்கிறார்கள். இங்கே வெறும் இடமே கிடையாது, தூணிலும் வளைவிலும்கூட ஓவியம். ஆம்ஸ்டர்டாம் வெற்றிடத்தால் மிரட்டுகிறது, இராமநாதபுரம் இடைவெளி விடாமல் நிரப்பி மிரட்டுகிறது. வெற்றிடம்தான் அதிகாரத்தின் மொழி என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள், அது அந்த ஊரின் மொழி.

கடைசியாக ஒன்று, படத்தில் இல்லாதவர்களைப் பற்றி. வெனிஸில் பெருமன்றக் கூடத்தின் மேல்விளிம்பைச் சுற்றி, நகரத் தலைவர்களாக இருந்தவர்களின் படங்கள் வரிசையாக ஓடும். ஓர் இடத்தில் மட்டும் முகம் இருக்காது, கறுப்புத் துணி வரைந்திருக்கும், மரீன் பலியேர் குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்டவர் என்று எழுதியிருக்கும். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று 1355-ல் கொன்றார்கள். அவரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்தவரை நெருக்கி மாட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. வெனிஸ் அதைச் செய்யவில்லை, அந்த இடத்தை விட்டு வைத்துத் துணியைப் போட்டது. மேலே இருக்கும் எழுபது எண்பது முகங்களில் கூடத்துக்கு வருகிற எல்லோரும் தேடிப் பார்ப்பது அந்தத் துணியைத்தான்.

நான் வழக்கமாகப் படம் மாட்டிக் கொடுத்த ஒரு சங்க மண்டபத்தில் முன்னாள் தலைவர்கள் வரிசை ஒன்று உண்டு, எல்லாம் ஒரே அளவு, ஒரே தேக்கு பிரேம், சில பேருக்குச் சந்தன மாலை. ஏதோ கணக்கு விவகாரம் என்று ஒருவர் படத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். பல வருஷம் வெயில் படாமல் இருந்த சுவரில் சதுரமாக வெளிறல், சுற்றிலும் ஊதுவத்திப் புகை ஏறிய மஞ்சள். பெயின்ட் அடிக்கச் செலவாகும் என்று அப்படியே விட்டார்கள். யார் மண்டபத்துக்கு வந்தாலும் "இங்கே யார் படம் இருந்தது?" என்று கேட்பார்களாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன், அந்த ஆணியில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். கடிகாரம் சின்னது, நான்கு பக்கமும் வெளிறல் தெரிகிறது.